நீர்ப் பவழப் பாம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் சதுப்புகளிலும் வாழும் நீர்ப் பவழப் பாம்பைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அமேசான் பக்கம் வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ போகிறவர்கள், ஊர்வனவற்றைப் படிக்கும் மாணவர்கள், படத்தில் பார்த்து ஆர்வப்பட்டவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. கடி, முதலுதவி பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

இது எந்தப் பாம்பு? எங்கே வாழ்கிறது?

அறிவியல் பெயர் மைக்ரூரஸ் சுரினாமென்சிஸ். பிரெஞ்சு இயற்கையியலாளர் ஜார்ஜ் கூவியே 1817இல் இதை விவரித்துப் பெயரிட்டார். பெயரில் சுரினாம் இருந்தாலும் அந்த ஒரு நாட்டோடு இது நிற்பதில்லை. கயானா, பிரெஞ்சு கயானா, வெனிசுவேலா, கொலம்பியா, எக்வடோர், பெரு, பொலிவியா, பிரேசில் என்று அமேசான் படுகையும் அதன் வடக்குப் பகுதிகளும் முழுக்க இதன் இடம்தான்.

நாகம், கட்டுவிரியன், கடல்பாம்பு எல்லாம் சேர்ந்த எலாபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மைக்ரூரஸ் என்ற பேரினத்தில் எண்பதை ஒட்டிய இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காட்டுச் சருகுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் ஒளிந்து வாழ்பவை. அந்தக் கூட்டத்தில் தண்ணீரையே வீடாக்கிக்கொண்டது இது. மெதுவாக ஓடும் ஓடைகள், சதுப்புகள், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஆற்று நீர் ஏறி நிற்கும் காடுகள், இவைதான் இதைப் பார்க்கக்கூடிய இடங்கள். சில சமயம் கரையிலும் ஊர்ந்து போகும்.

எவ்வளவு பெரிதாக வளரும்?

வளர்ந்த பாம்பு சாதாரணமாக 80 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இருக்கும். அதைத் தாண்டியவையும் உண்டு. பவழப் பாம்புகளில் இது பருமனான உடல்வாகு கொண்டது. ‘பவழப் பாம்பு என்றால் பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கும்’ என்ற எண்ணத்தோடு போனால் இதைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்துவிடுவீர்கள்.

பார்த்தால் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் தலையைப் பாருங்கள். உடல் வளையங்களை எண்ணுவதெல்லாம் அப்புறம்.

தலையின் மேற்புறம் சிவப்பு. அந்தச் சிவப்புச் செதில் ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடும், தரை ஓடுகளின் இடுக்கில் கறுப்புச் சாந்து பூசியதைப் போல. மற்றப் பவழப் பாம்புகள் பலவற்றில் மூக்குப் பகுதி முழுக்கக் கறுப்பாகவோ, தலைக்குக் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டையாகவோ இருக்கும். இதில் அப்படி இல்லை. செதில்களின் எல்லைகள் துல்லியமாகத் தெரியும் சிவப்புத் தலை, அதை முடித்துவைக்கும் ஒரு கறுப்புக் கழுத்துப் பட்டை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்தால் இது ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது கண்ணும் மூக்குத் துவாரமும். இரண்டும் தலையின் மேற்பக்கம் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். உடலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாக உயர்த்தி மூச்சு விடுவதற்கு இந்த அமைப்பு உதவுகிறது. கண் சின்னது.

அப்புறம் உடல். கறுப்பு வளையங்கள் மும்மூன்றாக வரும். ஒரு சிவப்பு வளையத்தில் தொடங்கினால் வரிசை இப்படிப் போகும்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள், கறுப்பு, மறுபடி வெள்ளை அல்லது மஞ்சள், கறுப்பு, சிவப்பு. மூன்று கறுப்பில் நடுவில் இருப்பது அகலமானது, ஓரத்து இரண்டும் ஒடுக்கமானவை. இந்த மும்மைத் தொகுதிகள் உடலில் அதிகம் இருக்காது. எண்ணினால் பத்தைத் தாண்டாது. சிவப்புப் பகுதிச் செதில்களின் நுனியிலும் கறுப்பு தொட்டிருக்கும் என்பதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது சிவப்பு கொஞ்சம் அழுக்கேறியதாகத் தெரியலாம். கலங்கிய நீரில் ஈரத்தோடு கிடக்கும்போது மொத்தப் பாம்பும் ஒரு கருஞ்சிவப்பாகத் தெரிவது சகஜம்.

ஆய்வுக்கூடத்தில் பாடம் செய்த உடலையோ, மிக நெருக்கமான படத்தையோ பார்ப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம்: மேலுதட்டுச் செதில்களை மூக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மைக்ரூரஸ் இனங்கள் பெரும்பாலானவற்றில் மூன்றாவதும் நான்காவதும் கண்ணைத் தொடும். இதில் நான்காவது மட்டுமே தொடும். நிறம் வெளுத்துப்போன பழைய மாதிரிகளில்கூட இது கைகொடுக்கும். உயிருள்ள பாம்பில் இதைப் பார்க்க முயலவே கூடாது. அவ்வளவு அருகில் போனால் ஏற்கெனவே ஆபத்தில்தான் இருக்கிறீர்கள்.

‘சிவப்பும் மஞ்சளும் ஒட்டினால் விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டினால் பயமில்லை’ என்ற விதி இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்தது. அங்கே தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் பவழப் பாம்பில் சிவப்பு வளையமும் மஞ்சள் வளையமும் ஒட்டியிருக்கும். அதைப் போலவே தோற்றம் காட்டும் விஷமற்ற பாம்புகளில் சிவப்பை ஒட்டிக் கறுப்பு வரும். அந்த ஊருக்கு அந்த விதி ஓரளவு சரி. இணையத்தில் அது உலகம் முழுக்கப் பரவி, எல்லாப் பவழப் பாம்புக்கும் பொது விதி ஆகிவிட்டது.

நீர்ப் பவழப் பாம்பின் வரிசையை மறுபடி பாருங்கள். சிவப்பை ஒட்டி இரண்டு பக்கமும் கறுப்பு. விதிப்படி பார்த்தால் ‘பயமில்லை’. உண்மையில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் விஷம் கொண்ட பாம்பு. தென் அமெரிக்காவில் மும்மைக் கறுப்பு வளையம் கொண்ட பவழப் பாம்புகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வளையமே இல்லாத, பிறவியிலேயே நிறம் மாறிப்போன பவழப் பாம்புகளும் பதிவாகியிருக்கின்றன. வண்ண வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு பாம்பைக் கையில் எடுக்கும் துணிச்சல் யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்தப் பாம்புகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

மிகவும் சிக்கலானது ஹைட்ராப்ஸ் ட்ரையாங்குலாரிஸ். அதுவும் தண்ணீரிலேயே வாழ்வது, அதுவும் சேற்று விலாங்குகளைத் தின்பது, அதற்கும் வளையங்கள், அதற்கும் சின்னக் கண். ஒரே ஓடையில் இரண்டும் இருக்கலாம். ஆனால் அதன் தலையில் மேலே சொன்ன சிவப்புச் செதில், கறுப்புக் கோடு அமைப்பு இராது. அது மனிதருக்கு ஆபத்தில்லாத பாம்பு. இருந்தும், ஓடையில் நீந்திக்கொண்டிருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கும் கஷ்டம்.

எரித்ரோலாம்ப்ரஸ் ஈஸ்குலாபி இன்னொன்று. இது நிலத்தில் வாழ்வது. கண் பெரிது, பல இடங்களில் கறுப்பு வளையங்கள் மூன்றாக வராமல் இரண்டிரண்டாக வரும். ‘பல இடங்களில்’ என்பதைக் கவனியுங்கள். நிறமும் வளையமும் இடத்துக்கு இடம் மாறும் பாம்பு அது.

மூன்றாவது அனிலியஸ் சைட்டேல். சிவப்பும் கறுப்பும் மட்டும், நடுவில் மஞ்சளோ வெள்ளையோ இல்லை. கண் ஒரு செதிலுக்குக் கீழே புள்ளியாகத் தெரியும். மரியா சிபில்லா மெரியன் 1699இல் சுரினாமுக்குப் போய் இரண்டு ஆண்டு தங்கிப் பூச்சிகளையும் செடிகளையும் வரைந்தவர். ஒரு கெய்மன் முதலை சிவப்பும் கறுப்புமான பாம்பை வாயில் கவ்வியிருக்கும் அவருடைய படம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதைப் பவழப் பாம்பு என்று சிலர் பகிர்வதுண்டு. அதில் இருப்பது அனிலியஸ்.

அசல் பவழப் பாம்புகளுக்குள்ளேயே குழப்பம் வருமா?

வரும். மைக்ரூரஸ் லெம்னிஸ்காட்டஸ் இதே பகுதிகளில் வாழ்கிறது, ஈரமான இடங்களில் திரிகிறது, விலாங்கு போன்ற மீன்களையும் தின்கிறது. அதன் மூக்கு நுனி கறுப்பு, அடுத்து ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கடுத்து கண் வழியாகக் கறுப்புப் பட்டை. தலையைப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

மைக்ரூரஸ் நாட்டெரெரி வேறு விஷயம். இது நீர்ப் பவழப் பாம்பின் மிக நெருங்கிய சொந்தம். 1952இல் அமெரிக்க ஊர்வன ஆய்வாளர் கார்ல் பேட்டர்சன் ஷ்மிட் இதை ஒரு துணையினமாக விவரித்தார். 2005இல் பிரேசில் ஆய்வாளர்கள் தனி இனமாக உயர்த்தினார்கள். ரியோ நீக்ரோ, மேல் ஓரினோக்கோ பக்கம் காணப்படுவது. எனவே அந்தப் பகுதியில் எடுத்த படம் என்றால் உடனே சுரினாமென்சிஸ் என்று எழுதிவிடாமல் நிதானிக்க வேண்டும்.

இது கடல்பாம்பு வகையா?

இல்லை. ஒரே குடும்பம், வேறு கிளை. சோழமண்டலக் கரையில் மீனவர் வலையில் வரும் கடல்பாம்பின் வாலைப் பார்த்திருந்தால் வித்தியாசம் உடனே புரியும்: அது துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். நீர்ப் பவழப் பாம்பின் வால் சாதாரணப் பாம்பின் வாலைப் போல உருண்டைதான். உப்புத் தண்ணீரோடு இதற்குச் சம்பந்தமில்லை, நன்னீரில் வாழ்வது. நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, மேலே வந்துதான் ஆக வேண்டும். முட்டையிடும் பாம்பு. கடல்பாம்புகளில் பெரும்பாலானவை குட்டி போடுபவை.

என்ன சாப்பிடுகிறது?

மீன். அதிலும் நீளமான உடல் கொண்ட மீன்கள். சேற்றுக்குள் புதைந்து வாழும் சின்பிராங்கஸ் என்ற சேற்று விலாங்கு, மின்சாரத் துடிப்பு விடும் ஜிம்னோட்டஸ் என்ற கத்தி மீன், கவசம் போட்ட மாதிரி தகடுகள் கொண்ட கேலிக்திஸ் கெளுத்தி ஆகியவை இதன் இரைகள்.

மற்றப் பவழப் பாம்புகள் பெரும்பாலும் சிறு பாம்புகளையும் புழு மாதிரி உடல் கொண்ட பல்லிகளையும் தின்பவை. நிலத்தில் கடிபட்ட இரை கொஞ்சம் நகர்ந்து போய் விழுந்தாலும் மோப்பம் பிடித்துப் பின்னாலேயே போய்விடலாம். தண்ணீரில் அது நடக்காது. வழுக்கும் விலாங்கு கலங்கிய நீரில் ஒரு முறை நழுவினால் போனதுதான். ஆகவே இரையை உடனே அசையவிடாமல் செய்யும் விஷம் இதற்குத் தேவை. அடுத்த கேள்விக்கான பதில் இங்கேயே தொடங்குகிறது.

மீனுக்கான விஷம்தானே, மனிதருக்கு ஆபத்து குறைவு இல்லையா?

இப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பல பவழப் பாம்புகளின் விஷத்தை மீனுக்கும் எலிக்கும் கொடுத்து ஒப்பிட்டபோது, இதன் விஷம் மீனை மிக வேகமாகக் கொன்றது. எலியிடம் அதன் வீரியம் குறைவாக இருந்தது. அந்த முடிவைப் படித்துவிட்டுச் சிலர் ‘அப்படியானால் நமக்குப் பயமில்லை’ என்று முடிவு கட்டுகிறார்கள்.

அது தவறு. இதன் விஷத்தில் பெரும்பங்கு ‘முவ்விரல் நச்சுகள்’ எனப்படும் சிறு புரதங்கள். நரம்பு தசைக்கு ஆணை அனுப்பும் இடத்தில், தசையின் பக்கம் அசிடைல்கோலினை, அதாவது அந்த ஆணையைச் சுமந்து வரும் வேதிப்பொருளை, வாங்கும் ஏற்பிகள் உண்டு. இந்த நச்சுகளில் முக்கியமானவை அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நரம்பு ஆணை அனுப்பும், தசை அதைக் கேட்காது. மீனின் தசையிலும் மனிதத் தசையிலும் இந்த ஏற்பாடு அடிப்படையில் ஒன்றுதான். தவிர, இது பெரிய உடல் கொண்ட பாம்பு. ஒரு கடியில் இறங்கும் விஷத்தின் அளவும் அதற்கேற்ப இருக்கலாம்.

கடித்தால் என்ன அறிகுறிகள் வரும்?

பவழப் பாம்புக் கடியில் ஏமாற்றுவது அதன் தொடக்கம். கடித்த இடத்தில் வலி இருக்கலாம், மரத்துப்போகலாம், ஆனால் பெரிய வீக்கம் இராது. விஷப்பல் குட்டையானது என்பதால் பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். ‘ஒன்றும் இல்லை’ என்று கடிபட்டவர் நம்பிவிடுவார். சில மணி நேரம் கழித்து இமை கனத்து இறங்கும். பார்வை இரண்டாகத் தெரியும். பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுக்கான தசைகள் ஓய்ந்துபோகும். இறப்பு நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

மேலே சொன்ன ஷ்மிட்டின் முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது. பவழப் பாம்புகளை ஆராய்ந்து பேர் வாங்கிய அவரை 1957இல் சிகாகோவில் கடித்தது ஓர் ஆப்பிரிக்கப் பாம்பு, பூம்ஸ்லாங். அதன் விஷம் வேறு வகை, இரத்தம் உறைவதைக் கெடுப்பது. சின்னக் கடிதான் என்று நினைத்தவர், தனக்கு ஏற்படும் மாற்றங்களைக் குறித்து வைத்தார். அடுத்த நாள் இறந்துபோனார். அவ்வளவு தெரிந்தவருக்கே ஆரம்ப அறிகுறிகளை வைத்துக் கடியை எடைபோட முடியவில்லை.

கடிபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனையாக இருந்தால் நல்லது. அமேசானில் அது படகிலோ விமானத்திலோ பல மணி நேரத் தூரத்தில் இருக்கலாம். அதனால்தான் கிளம்புவதில் தாமதம் கூடவே கூடாது.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், இறுக்கமான செருப்பைக் கழற்றிவிடுங்கள். வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது, மின்சாரம் கொடுப்பது, சாராயம் குடிக்க வைப்பது எதுவும் வேண்டாம். விழுங்கத் தடுமாறுகிறார் என்றால் தண்ணீர்கூடத் தரக் கூடாது, புரையேறும். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இந்த விஷத்தில் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். மூச்சைத் தாக்குப்பிடிக்க வைத்தால் ஆளைக் காப்பாற்றலாம்.

அறிகுறியே இல்லாவிட்டாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து இருக்கிறதா?

பிரேசிலில் பவழப் பாம்புக் கடிக்கென்று தனி மருந்து உண்டு. சாவ் பாவ்லோவில் இருக்கும் பூட்டண்டான் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தயாரிக்கக் குதிரைகளுக்குச் செலுத்தப்படுவது மைக்ரூரஸ் கொராலினஸ், மைக்ரூரஸ் ஃப்ரொன்டாலிஸ் என்ற இரண்டு இனங்களின் விஷம். நீர்ப் பவழப் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளில் அந்த மருந்து இதன் விஷத்தை முறிப்பதில் பின்தங்கியே இருக்கிறது.

பயன் இல்லை என்று ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது. மருத்துவர் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதோடு சுவாசக் கருவி, சிலருக்கு அட்ரோபினோடு சேர்த்து நியோஸ்டிக்மின் ஆகியவையும் சிகிச்சையில் சேரும். நியோஸ்டிக்மின் அசிடைல்கோலின் சிதைவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டும் மருந்து; ஏற்பியை அடைக்கும் வகை நச்சு என்பதால் அதற்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. எந்த இனம் கடித்தது என்று சரியாகச் சொல்வது மருத்துவருக்கு உதவும் என்பதும் இதனால்தான். அடையாளம் காணக் கற்றுக்கொள்வதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது தேடி வந்து கடிக்குமா?

கடிக்காது. பவழப் பாம்புகள் முடிந்தவரை விலகிப் போகிறவை. பிரேசிலில் பதிவாகும் பாம்புக் கடிகளில் பவழப் பாம்புகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. தொந்தரவு செய்தால் உடலைத் தட்டையாக்கும், தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டும். வாலைத் தலை என்று நினைத்து மறுமுனையைப் பிடிக்கப் போனால் கடி விழும். வலையில் மீனோடு சிக்கியதைக் கையால் விடுவிப்பதும், இருட்டில் ஆழமற்ற ஓடையில் வெறுங்காலோடு நடப்பதும் தவிர்க்க வேண்டியவை.

படம் எடுத்து இனம் கேட்பதானால் எப்படி எடுப்பது?

இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். தலையின் மேற்புறம் தெளிவாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உடலும் தெரிய ஒன்று. இடம், தேதி, தண்ணீரிலா கரையிலா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் அந்தப் பகுதிப் பாம்புகள் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நம் ஊரில் இது உண்டா?

இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் பவழப் பாம்பு கலியோஃபிஸ் மெலனூரஸ். மெலிந்து சிறுத்த உடல், கறுத்த தலை, பழுப்பு முதுகு, வாலில் இரண்டு கறுப்பு வளையம். நிலத்தில் வாழ்வது, செவிப்பாம்பு எனப்படும் புழுப்பாம்புகளைத் தின்பது. மிரண்டால் இதுவும் வாலைச் சுருட்டித் தூக்கி அடிப்புறத்தின் நீல நிறத்தைக் காட்டும். கடல் தாண்டிய இரண்டு சொந்தங்களும் ஒரே தந்திரத்தைச் செய்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒரு விஷயம்: இந்தியாவில் கிடைக்கும் கூட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாராவது. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்கிலிருந்துதான். பவழப் பாம்பு எதற்கும் அது தயாரிக்கப்பட்டதல்ல.

குளத்திலும் வாய்க்காலிலும் நாம் பார்க்கும் நீர்க்கோலி விஷமற்றது. அதை நீர்ப் பவழப் பாம்பு என்று நினைத்து அடிக்க வேண்டாம்.

செத்துக் கிடந்தால் கையில் எடுக்கலாமா?

வேண்டாம். இறந்து சிறிது நேரம் வரை பாம்பின் தலை அனிச்சையாகக் கடிக்கக்கூடும். பல்லில் விஷம் அப்படியே இருக்கும். ஆராய்ச்சிக்காக எடுப்பதானால் நீண்ட இடுக்கியால் எடுத்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மேலே ‘விஷப் பாம்பு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்தந்த நாட்டின் அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமாகலாம், அதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.